ஆட்டில் இல்லாத உண்ணி

அந்த உண்ணி உன் நாயில் வந்தது. அன்றைக்கே உனக்கு அது தெரியும்.

இப்போது எழுதியிருக்கிறாய். கொழும்பு வீடு முழுக்க உண்ணியாம். சுவரில் ஏறுகிறதாம், ஜன்னல் சீலையில் தொங்குகிறதாம், பிள்ளையின் தொட்டில் காலிலும் கண்டீர்களாம். வெளிநாட்டுக்குப் புறப்படுவதற்கு முன் வீட்டைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் வந்து பார்த்தால் மானம் போய்விடும், அம்மா இதை எப்படி ஒழிப்பது என்று கேட்டிருக்கிறாய். பக்கத்து வீட்டு றகீமாவைப் பற்றி நான் எழுதிய கடிதங்கள் ஒன்றுக்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உண்ணிக்கு மருந்து கேட்க மட்டும் பேனை எடுத்திருக்கிறாய். நல்லது. நானும் உன்னை ஒன்று கேட்கிறேன். கறுவாத் தோட்டத்துப் பங்களாக்களுக்கு நடுவில், உனக்குப் பெண் கொடுத்த மாமா வாடகைக்கு எடுத்துக் கொடுத்த அந்த வீட்டைச் சுற்றி ஆடு ஏது?

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டாலும் ஒட்டப்போவதில்லை. உன் மாமாவின் கையில் முதலில் கிடைத்தால் அவரே படிக்கட்டும். உன் பெண்சாதி மாலினியும் படிக்கட்டும். தபால்காரன் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. எங்கள் ஒழுங்கையில் இந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. தெரியாதது போல நடிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பாவம் செய்யவில்லை. முதலில் பிள்ளையைப் பார். தினமும் குளிக்க வார்க்கும்போது கமக்கட்டு, காதுமடலின் பின்பக்கம், தொடை இடுக்கு, தலைமயிருக்குள் எல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்திருந்தால் முள்ளெடுக்கிற சாவணத்தை எடுத்து, தோலோடு ஒட்டி அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், உலுக்காமல், நேரே மேலே இழுக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து அமுக்கக்கூடாது. அமுக்கினால் அதன் வயிற்றில் உள்ள ஊத்தை பிள்ளையின் உடம்புக்குள் போகும். எண்ணெய் ஊற்றக்கூடாது, மண்ணெண்ணெய் பூசக்கூடாது, நெருப்பு வைக்கக்கூடாது. எடுத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி விட்டு, பிறகு வரும் நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதா, தோல் தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உண்ணி கடித்தது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது.

இதெல்லாம் உனக்குப் புதிதா? உனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது உன் உச்சந்தலையில் ஒரு உண்ணி ஏறியது. நான் சீப்பால் கிண்டப் போனேன். நீ கத்திய கத்தலுக்கு வேலியின் அந்தப் பக்கம் இருந்து றகீமா ஓடிவந்தாள். "சீப்ப வை புள்ள, தலையக் கிழிக்கப்போறியா?" என்று என் கையைத் தட்டிவிட்டாள். உன்னைத் தன் மடியில் கவிழ்த்து, தையல் நூலை எடுத்து, உண்ணியின் வாயைச் சுற்றித் தோலோடு சுருக்குப் போட்டு, மெள்ள மெள்ள மேலே இழுத்தாள். இழுக்கும்போது உன்னிடம் ஆட்டுக்குட்டிக் கதை ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கதை முடிய முன்னே உண்ணி வந்துவிட்டது. மிச்சக் கதையையும் சொன்னால்தான் எழும்புவேன் என்று நீ அவள் மடியை விட்டு இறங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவள் வீட்டிலேயே சாப்பிட்டாய். அவள் வீட்டில் நீ சாப்பிட்ட சோறு, என் குசினியில் சாப்பிட்டதற்குக் குறைந்ததல்ல. அவளுடைய புருசன் மூதூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தலைகாட்டாமல் விட்ட காலம் அது. அவளிடம் இருந்தது டொக்யாட் கப்பல்பட்டறை மதிலோடு ஒட்டிய அந்தத் துண்டுக் காணியும், வாரத்துக்கு எடுத்து வளர்த்த ஆடுகளும்தான்.

வாரம் என்றால் என்னவென்று மாலினிக்குத் தெரியாது. அவளுக்காக எழுதுகிறேன். ஆடு றகீமாவுடையது அல்ல. கிண்ணியாவில் இருக்கும் ஹாஜியாருடையது. அவர் ஆட்டைக் கொடுப்பார், இவள் வளர்ப்பாள், ஈனும் குட்டியில் பாதி அவருக்கு, பாதி இவளுக்கு. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஒவ்வொரு ஆட்டின் காதிலும் ஹாஜியார் தன் குறியை வெட்டியிருப்பார். ஒரு ஆடு செத்தால், குறியோடு அதன் காதை அறுத்து, உப்புப் போட்டு வைத்து, அவர் வரும்போது காட்ட வேண்டும். காதைக் காட்டினால் ஆடு செத்தது. காட்டாவிட்டால் விற்றுத் தின்றது. அவ்வளவுதான் அந்தச் சட்டம். அதனால்தான் றகீமா அந்தக் காதுகளைத் தன் பிள்ளையின் காதைப் போலப் பார்த்தாள். ஹாஜியார் வந்தால் முதலில் காதைத்தான் நிமிர்த்துவார். அங்கே ஒரு உண்ணி இருந்துவிட்டால் அவளுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. பொழுதுபடும் நேரம் ஆடுகள் திரும்பியதும் காது, வாலடி, மடி எல்லாம் பார்த்துப் பொறுக்கி, கொட்டிலுக்குள் வேப்பிலைப் புகை போட்டுவிட்டுத்தான் அவள் தன் உலையை வைப்பாள். கொட்டில் தரையைக் காலையில் கூட்டி, பிழுக்கையை அள்ளி, உண்ணி பொறுக்கக் கோழியைத் திறந்து விடுவாள். ஆட்டில் உண்ணியே வராது என்று நான் சொல்லவில்லை. புல்லில் மேய்கிற ஆட்டுக்கு வரும். வந்தால் புல்லிலிருந்து வரும், அவள் பொறுக்கி எறிவாள். அது வேலி கடந்து வந்து என் வீட்டுச் சுவரில் ஏறிக் குடியிருக்காது. சுவரில் ஏறுவது நாய் உண்ணி. இது இந்தத் துறைமுகத்தில் நாய் வளர்த்த எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும், ஏனென்றால் உன் அப்பா உனக்குக் காட்டியிருக்கிறார்.

ஜிம்மியை மறந்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அப்பாவும் நீயும் பின்வாசற்படியில் இருந்து அந்த நாயை மடக்கிப் பிடித்துக்கொள்வீர்கள். வெறும் பால் ரின் தகரத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய். அவர் காதுக்குள் பார்ப்பார், நீ கால்விரல் இடுக்கில் பார்ப்பாய். "நகத்தால நசுக்காத. ஒண்ட நசுக்கினா அதின்ர முட்டை முழுக்க உன்ர கையில" என்று அவர் சொன்னால், நீ, "நசுக்கேல்லை அப்பா, நான் மூழ்கடிக்கிறன். கப்பல் தாழுற மாதிரி" என்பாய். அவர் டொக்யாட்டில் வேலை செய்தவர். கப்பலைத் தாழ்த்தாதே, எனக்குச் சோறு போடுவது அதுதான் என்று சிரிப்பார். அவருடைய சிநேகிதர் ஒருவர் பட்டறையில் மிஞ்சிய கறுப்பு எண்ணெயைக் கொண்டுவந்து தன் நாய்க்குத் தலையிலிருந்து வால் வரை பூசினார். துறைமுகத்தில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. இலவசமாகக் கிடைக்கிற மருந்து. நாய் அதை நக்கிநக்கி நுரை தள்ளிச் செத்தது. அதைப் புதைக்கும்போது நீ அழுதாய். வயலுக்கு அடிக்கிற மருந்தை நாய்க்குப் பூசினாலும் அதே கதிதான். ஆகவே உன் அல்சேஷன் நாய்க்கும் அதையெல்லாம் பூசிவிடாதே. மிருக வைத்தியரிடம் கொண்டுபோ, அவர் தருகிற பவுடரை அவர் சொல்கிற அளவில் போடு. அதற்கு முன் ஒவ்வொரு நாளும் கையால் பார். காதுமடல், கழுத்துப்பட்டியின் அடி, விரல் இடுக்கு. வேலைக்காரனிடம் விடாதே. நீ குனிந்து பார்.

நீ குனியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சித்திரை வருசப் பிறப்புக்கு மாமாவோடு அவருடைய காரில் வந்தீர்கள். நாய் பின்சீற்றில் துவாய் விரித்துப் படுத்துக்கொண்டு வந்தது. ஜிம்மி செத்துப் பல வருடமாகிவிட்டது, அதற்குப் பிறகு என் வீட்டில் நாய் இல்லை. உன் நாய் முன்னறையில், மாமாவின் கதிரைக்கு அடியில் படுத்தது. அங்கே கீழே பாயில் உன் பிள்ளை தவழ்ந்தது. சில நாட்கள் போன பிறகு மாலினி பிள்ளைக்குச் சட்டை மாற்றும்போது கமக்கட்டில் ஒன்றைக் கண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் சாவணம் எடுக்க அலுமாரியைத் திறப்பதற்குள் நீ உன் சிகரெட்டை அதில் வைத்துவிட்டாய். மாமா அப்படித்தான் செய்யச் சொன்னார். உண்ணி வெடித்தது, தலை உள்ளே நின்றது, பிள்ளையின் தோல் வெந்தது. பிள்ளை மூச்சுப் பிடித்து அழுதது.

மாமா கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார். "பக்கத்தில ஆட்டுக்கொட்டில வைச்சுக்கொண்டு இருந்தா இப்பிடித்தான். மனிசர் சீவிக்கிற இடமே இது?"

அப்போது நீ கதிரைக்கு அடியில் பார்த்தாய். நானும் பார்த்தேன். நாய் தலையைத் திருப்பிக் காதைச் சொறிந்தது. அந்தக் காதில் ஆமணக்கங்கொட்டை அளவில் சாம்பல் நிறத்தில் ஒன்று தொங்கியது. ஜிம்மியின் விரல் இடுக்கில் குன்றிமணி அளவு உண்ணியைத் தேடிப் பிடித்தவன் நீ. அதைக் காணாமல் விட்டாய் என்று யாரிடமாவது சொல்லு, என்னிடம் சொல்லாதே. உன் கண் அங்கிருந்து எழும்பி என் கண்ணைப் பார்த்தது. பிறகு நீ சொன்னாய்: "ஓம் மாமா. அந்த ஆடுகள்தான்."

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "தம்பி, நாயின்ர காதப் பார்" என்றேன். மாமா சிரித்தார். "அம்மா, இது கொழும்பில சவர்க்காரம் போட்டுக் குளிக்கிற நாய்" என்றார். நீயும் சிரித்தாய். மாலினி சிரிக்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. அன்று பின்னேரமே நீ வெளிக்கிட்டுப் போய் உன்னோடு படித்த சுகாதார இன்ஸ்பெக்டரைக் கண்டாய். பிள்ளையின் சூட்டுப் புண்ணையும் ஆடுகளின் கணக்கில் எழுதிவைத்துவிட்டு வந்தாய். படித்தவன் முறைப்பாடு சொன்னால் அதற்கு விசாரணை தேவையில்லை. வாரத்துக்கு ஆடு வளர்க்கிறவள் பதில் சொன்னால் அதைக் கேட்க ஆள் தேவையில்லை. இந்த ஊரில் வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, இது மட்டும் மாறவில்லை.

மறுநாள் காலையில் சுகாதாரப் பகுதி லொறி வந்தது. கொட்டிலைப் பிடுங்கினார்கள். கிடுகையும் கம்பையும் குவித்து எரித்தார்கள். ஆடுகளைக் காலைக் கட்டி ஏற்றினார்கள். றகீமா அவர்களை மறிக்கவில்லை. லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

"தம்பிமாரே, ஆட்டக் கொண்டு போங்க. காத மட்டும் அறுத்துத் தந்திட்டுப் போங்க. நான் உடையவருக்குக் காட்டவேணும்."

லொறியில் நின்றவன் ஒருவன், "என்னம்மா, காதில கறியா காய்ச்சப் போறீங்க?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நீ என் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாய். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். "மகன், நீயாச்சும் சொல்லு" என்றாள். காது என்றால் என்ன, அது இல்லாவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று அந்த இடத்தில் நின்றவர்களில் அவளையும் என்னையும் தவிர உனக்கு மட்டும்தான் தெரியும். நீ வாய் கொப்பளிக்க உள்ளே போனாய்.

அந்த ஆடுகள் எங்கே போயின என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அழித்துவிட்டோம் என்றான் இன்ஸ்பெக்டர். சந்தைப் பக்கம் லொறி நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். உண்ணி பிடித்த ஆடு யாருடைய வீட்டுச் சட்டியிலோ நல்ல இறைச்சியாகியிருக்கும்.

ஹாஜியார் கிண்ணியாத் துறையில் பாதைப் படகு ஏறி வந்தார். கோபக்காரர் அல்ல. எரிந்த சாம்பலைப் பார்த்தார், றகீமாவின் முகத்தைப் பார்த்தார், "காது?" என்று கேட்டார். இல்லை என்றாள். அதோடு அவர் திரும்பி நடந்தார். நின்று பேசியிருந்தால் அவளும் பதில் பேசியிருப்பாள். அடுத்த கிழமைக்குள் கிண்ணியாவிலும் தோப்பூரிலும் ஆடு வைத்திருக்கிற எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. ஒரு பக்கம் விற்றுத் தின்றவள், மறுபக்கம் உண்ணிக்காரி. இரண்டில் எது உண்மையானாலும் அவளுக்கு ஆடு கொடுக்க யாரும் தயாரில்லை. இப்போது விடியக்கருக்கலில் பஸ் ஏறி இறக்கக்கண்டிக் கடற்கரைக்குப் போய்ப் பிறத்தியாருடைய கருவாட்டைக் காயப்போடுகிறாள். உப்பில் அவளுடைய கை வெடித்துப்போய்க் கிடக்கிறது. நீ போட்டுவிட்டுப் போன சாம்பல் மேட்டில் பூசணி முளைத்திருக்கிறது. அதன் காயைப் பறித்து எனக்குத்தான் தருகிறாள்.

நீங்கள் போய்ச் சில கிழமைக்குப் பிறகு என் சுவரில் உண்ணி ஏறத் தொடங்கியது. ஆடு இல்லை, கொட்டில் இல்லை, உண்ணி மட்டும் வந்தது. முதலில் உன் மாமாவின் கதிரை இருந்த மூலையில். பிறகு கதவு நிலையின் வெடிப்பில், சாமிப்படத்தின் பின்னால், கூரை வளை வரைக்கும். மலேரியாக்காரர் மருந்து அடித்த சுவர்தானே என்று நினைத்தேன், அது அதற்கெல்லாம் பயப்படவில்லை. பூசணி காய்த்த பிறகு, காயோடு வந்த றகீமா சுவரைப் பார்த்து நின்றாள். ஒன்றைச் சாவணத்தால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது நாய் உண்ணி, புள்ள."

"ஓம்" என்றேன்.

"அப்ப அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் சீலையை வரிந்து கட்டிக்கொண்டு அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "மற்றப் பக்கத்தப் பிடி" என்றாள்.

வீட்டை எப்படித் துப்புரவாக்குவது என்று கேட்டாயே, அவளும் நானும் செய்ததைத்தான் சொல்கிறேன். தளபாடம் எல்லாவற்றையும் முற்றத்துக்கு எடுத்தோம். பாய், தலையணை, துணி எல்லாம் கொதிநீரில் அவித்து, உச்சி வெயிலில் போட்டோம். சுவர் வெடிப்பு, நிலைச்சட்ட இடுக்கு எல்லாம் ஊசியால் கிளறி, வந்ததைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டு, பிறகு சீமெந்துக் களியால் அடைத்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முற்றத்துப் புல்லை வேரோடு செதுக்கினோம். முடிந்தது என்று நினைத்தால் முடியாது. இடுக்கில் இட்ட முட்டை பொரித்து, மணல் போலக் குஞ்சு திரும்ப வரும். திரும்பவும் அதையே செய்ய வேண்டும். நாயைத் துப்புரவாக்காமல் வீட்டைத் துப்புரவாக்கினாலும், வீட்டை விட்டுவிட்டு நாயைத் துப்புரவாக்கினாலும் பலன் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று ஒத்துக்கொள்ளாதவன் வீட்டில் உண்ணி ஒழியாது. இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. நாயை விட்டுவிட்டு நீ ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தால், நாய் சுவருக்குக் கொடுக்கும், சுவர் நாய்க்குக் கொடுக்கும். நடக்கிறது அதுதான்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. நான் பாதை ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஹாஜியாரின் வாசலில் நின்று, குற்றம் என் மகனுடைய நாயில், றகீமா ஆட்டை விற்கவில்லை என்று சொன்னேன். அவர் கதிரை போடச் சொன்னார், தேத்தண்ணி கொடுத்தார், முழுவதையும் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க சொல்றதப் பொய்யெண்டு நான் சொல்லல்ல" என்றார். "ஆனா நீங்க அவள்ட பக்கத்து வீடு. இருபது வருசக் கூட்டாளி. அவளுக்காக நீங்க என்னத்தையும் சொல்லுவீங்க எண்டு நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. முறைப்பாடு குடுத்தவர் உங்கட மகன். அவர்ர வாயால வந்த கதை. அவர்ர வாயாலயே திரும்பட்டும். அண்டைக்கே நான் அவளுக்கு ஆடு குடுக்கிறன்."

இதை நான் உனக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். மாலினி பிள்ளையின் படம் ஒன்றை அனுப்பினாள், பின்பக்கத்தில் "அப்பம்மாவுக்கு" என்று எழுதி. நீ ஒரு வரி எழுதவில்லை. இப்போது வெளிநாடு போகப்போகிறாய். போனால் நீ திரும்பும்போது நான் இருக்கமாட்டேன், அதைப் பற்றி அழ இந்தக் கடிதம் எழுதவில்லை. நான் செத்தால் கொள்ளி வைக்க ஆள் பிடிக்கலாம். ஆனால் உன் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேறு ஆள் பிடிக்க ஏலாது. நீ விமானம் ஏறினால், றகீமா கள்ளி என்பது அதோடு தீர்ப்பாகிவிடும். அவளுக்கும் வயது போகிறது. கருவாட்டு உப்பில் இன்னும் எத்தனை வருடம் நிற்பாள்?

மாமாவுக்கு முன்னால் உன் சொல் பொய்யாகிவிடும் என்று பயப்படுகிறாய். பெண் கொடுத்த இடத்தில், வேலை எடுத்துக் கொடுத்த இடத்தில், துறைமுகத்து ஒழுங்கையில் பிறந்தவன் என்பதை மறைத்து மறைத்து நிமிர்ந்து நிற்கப் பழகியவன் நீ. அன்றைக்கு உண்ணி நாயில் வந்தது என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் உன் மதிப்பு எவ்வளவு குறைந்திருக்கும்? ஒரு சிரிப்பு, ஒரு நக்கல், அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமல் ஒரு மனிசியின் சீவியத்தைக் கொடுத்தாய். அதுவும் உன்னுடையது அல்ல, உன்னை மடியில் வைத்திருந்தவளுடைய சீவியம். நான் உன்னைப் படிப்பித்ததற்காக வெட்கப்படவில்லை. அந்தப் படிப்பு உனக்குக் கொடுத்த குரலை நீ எதற்குப் பயன்படுத்தினாய் என்பதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

ஹாஜியார் வியாழக்கிழமைகளில் பட்டினத்துக்கு வருகிறார். சந்தைக்கு எதிரே உள்ள பலசரக்குக் கடையில் பின்னேர அஸர்த் தொழுகை நேரம் வரை இருப்பார். ஆடு கொடுக்கிற மற்றவர்களும் அன்றைக்கு அங்கேதான் கூடுவார்கள். நீ இரவு ரயிலில் ஏறினால் காலையில் இங்கே. குளித்துச் சாப்பிட்டுவிட்டு றகீமாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்பதும் கேட்காததும் உன் விருப்பம். நடந்ததைச் சொன்னால் போதும். பின்னேர ரயிலில் நீ திரும்பிவிடலாம். நான் உன்னை மறிக்கமாட்டேன்.

லீவு கிடைக்காது, பிள்ளைக்குச் சுகமில்லை, பாஸ்போட் அலுவல் என்று எழுதாதே. உண்ணி குறைந்ததா என்றும் எழுதாதே. ஒரு தபாலட்டை போதும், அதில் ஒன்றை மட்டும் எழுது: எந்த வியாழக்கிழமை வருகிறாய்?